விதைப்பானைக்கு வட்டமூடி வெட்டும் எளிய கருவி

திருவள்ளூர் ஜில்லாவில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் குடியானவர்கள், விதையைப் பானையிலும் பீப்பாயிலும் சேமிப்பதுண்டு. வாய்க்குப் பொருந்தாத மூடியின் இடுக்கில் வண்டு புகுந்தால், அடுத்த போகத்தின் முளைப்பே கெடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த இப்பகுதியில் பிளாஸ்டிக் தகடு அரிய பொருளன்று. ஆயினும் அதைக் கத்தரியால் வெட்டினால் வட்டம் கோணிவிடும். கீழ்க்கண்ட கருவியை எவரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

வேண்டிய சாமான்கள்:—16 அங்குலச் சதுரப் பலகை ஒன்று. 9 அங்குல நீளமுள்ள மரச்சட்டம் ஒன்று. மெல்லிய போல்ட் ஒன்று. கத்தி பிளேடு ஒன்று. 2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிதீன் தகடு.

செய்முறை:—பலகையின் நடுவில் போல்ட்டை அடியிலிருந்து மேல்நோக்கி நிறுத்துக. சட்டத்தின் ஒரு முனையருகே அது தளர்வின்றிச் சுழலும்படி துளையிடுக. மறுமுனையில் பிளேடைச் சட்டத்தின் நீளத்திற்குக் குறுக்காகப் பொருத்தி, கால் அங்குலத்தில் பாதியளவு கீழே நீட்டி, திருகாணியால் இறுக்குக. பிளேடு சாய்ந்திருப்பின் வட்டம் சிதையும். பானைவாய் 12 அங்குலமாயின், மூடி 13 அங்குலம் இருத்தல் நலம். எனவே போல்ட்டின் மையத்திலிருந்து பிளேடு வரை ஆறரை அங்குலம் இருக்கவேண்டும்.

தகட்டின் நடுவே துளையிட்டுப் போல்ட்டில் கோத்து, நான்கு மூலைகளையும் ஆணியால் பலகையோடு பிணைக்க. அதன்மேல் சட்டத்தைக் கோத்து மெல்லச் சுழற்றுக. முதற்சுற்றில் கீறல் விழுந்தால் போதும். பின்னர்ச் சுற்றுக்குச் சுற்று சிறிது அழுத்துக. ஒரே மூச்சில் அறுக்க முயன்றால் பிளேடு ஒடிந்து கையைக் காயப்படுத்தும். இடது கை நடுவிலேயே இருக்கட்டும். பிளேடு செல்லும் வழியில் விரல் வைத்தலாகாது. நடுத்துளையில் மரக்குமிழ் ஒன்றை வாஷர் வைத்து முடுக்கினால் துளையும் அடையும், பிடியும் ஆகும்.

எச்சரிக்கை:—காயலாங்கடைத் தகடு முன்பு இரசாயனச் சரக்கிற்கு உபயோகப்பட்டதோ என்பது தெரியாதாயின், அதை வாங்கற்க. வெட்டிய துண்டுகளை எரித்தலும் கூடாது, பி.வி.சி. தகடு எரிந்தால் நச்சுப்புகை எழும்.

மூடி எவ்வளவு நன்றாயினும் ஈர விதையைக் காவாது. சாதாரணக் கலத்தில் நெல்விதையின் ஈரம் 13 சதவிகிதத்திற்கும், வேர்க்கடலை விதையின் ஈரம் 9 சதவிகிதத்திற்கும் மிகலாகாது. காற்றுப்புகாது அடைப்பதாயின் முறையே 8, 5 சதவிகிதமே எல்லை. ஆதலின் முதலில் விதையை நன்கு உலர்த்துக, பின்னரே மூடுக.