35 வயசுக்கு மேல மறுபடியும் வகுப்பறை... சர்ட்டிஃபிகேட்டுக்குப் பிறகு என்ன செய்யணும்?

2014, நவம்பர் 1. ஶ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலையில் உற்பத்தி நின்றது. 2006-ல் ஆரம்பித்த அந்த ஆலையை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு கம்பெனி பஸ் ஏறியவர்கள். அடுத்து, 2022 ஜூலையில் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி முடிவுக்கு வந்தது.

இவை தலைப்புச் செய்தியான வேலையிழப்புகள். செய்தியாகாத வேலையிழப்புகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்ட அக்கா, வளைகுடா நாட்டிலிருந்து திரும்பிவிட்ட அண்ணன், பழைய டி.வி ரிப்பேர் கடைக்கு ஆள் வராமல் ஷட்டரை இறக்கிய மாமா... இவர்கள் எல்லோரும் 35-லிருந்து 45 வயதுக்குள் இருப்பவர்கள். புதிதாக ஒன்றைக் கற்கலாம் என்று வாயைத் திறந்தால், ‘இந்த வயசுல படிச்சு என்ன பண்ணப்போற?’ என்ற கேள்விதான் வீட்டிலிருந்தே முதலில் வருகிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. சொந்த மாவட்டத்திலேயே, செலவில்லாமல் தொழில் கற்றுக்கொள்ள வழிகள் இருக்கின்றன. ஆனால், பயிற்சி முடித்த எல்லோரும் தொழிலில் நிலைத்துவிடுவதில்லை. பீரோவில் சர்ட்டிஃபிகேட் தூங்கும் வீடுகளும் உண்டு. எங்கே வித்தியாசம் வருகிறது என்று பார்ப்போம்.

ஐ.டி.ஐ: பெண்களுக்கு வயது வரம்பு இல்லை!

‘ஐ.டி.ஐ என்றால் பத்தாவது முடித்த பையன்கள் போவது’ என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. தமிழ்நாட்டின் அரசு ஐ.டி.ஐ-களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு மேல் வயது வரம்பே இல்லை. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை, பாடப்புத்தகங்கள் என்று சலுகைகளும் உண்டு. எட்டாவது முடித்தவர்களுக்கு வெல்டர், வயர்மேன், தையல் போன்ற பிரிவுகளும், பத்தாவது முடித்தவர்களுக்கு எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற பிரிவுகளும் இருக்கின்றன.

71 அரசு ஐ.டி.ஐ-கள் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தரம் உயர்த்தப்பட்டிருக்கின்றன. ரோபோட்டிக்ஸ், சி.என்.சி, மின்சார வாகன மெக்கானிக் என்று இன்றைய ஆலைகள் கேட்கும் படிப்புகள் அங்கே இருக்கின்றன.

ஒரு சிக்கல், நேரம். ஐ.டி.ஐ முழுநேரப் படிப்பு. பிரிவைப் பொறுத்து ஓராண்டோ, இரண்டாண்டோ ஆகும். வீட்டில் இன்னொருவருக்கு வருமானம் இருந்தால் சமாளிக்கலாம். குடும்பத்தைத் தாங்கும் ஒரே ஆளுக்கு அது கஷ்டம்.

கையில் தொழில் இருக்கிறது, காகிதம் இல்லையா?

பதினைந்து வருஷமாக வீடுகளுக்கு வயரிங் செய்பவரிடம் எந்தச் சான்றிதழும் இருக்காது. பெரிய கட்டடங்களில் வேலை கேட்கும்போதுதான் அந்தக் குறை தெரியும். இவர்கள் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. வயரிங் வேலையில் ஐந்தாண்டு அனுபவமும் 21 வயதும் இருந்தால், மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். ஃபிட்டர், வெல்டர், டர்னர் போன்ற தொழில்களில் மூன்றாண்டு அனுபவம் உள்ளவர்கள், ஐ.டி.ஐ-யில் படிக்காமலேயே அகில இந்திய தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வாய்ப்பு இருக்கிறது. இரண்டுக்குமான அறிவிப்பு வரும்போது நாளிதழ்களில் சின்னச் செய்தியாகத்தான் வரும். அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ-யில் ஒரு தடவை நேரில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே மாதம்... சாப்பாடும் தங்கலும் இலவசம்!

ஒரு வருஷம் ஒதுக்க முடியாதவர்களுக்கு வசதியானது, ‘ஆர்செட்டி’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம். 1982-ல் கர்நாடகத்தின் உஜிரே என்ற ஊரில், தர்மஸ்தலா கோயில் அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து ஆரம்பித்த பயிற்சி மையம்தான் இதற்கு முன்னோடி. அது நல்ல பலன் தந்ததால், மாவட்டத்துக்கு ஒன்று என்ற திட்டத்தை மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு வங்கி இதை நடத்துகிறது. தமிழ்நாட்டில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கனரா வங்கி ஆகியவை நடத்துகின்றன.

18 முதல் 45 வயது என்பது இதன் அடிப்படை வரம்பு. கறவை மாடு வளர்ப்பு, காளான் வளர்ப்பு போன்றவை சுமார் பத்து நாள். தையல், அழகுக்கலை, டூ வீலர் மெக்கானிக், ஏ.சி - ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பு, செல்போன் சர்வீஸ் போன்றவை சுமார் ஒரு மாதம். ஒரு பேட்ச்சுக்கு 25 முதல் 35 பேர் வரைதான். சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாமே இலவசம்.

வகுப்பும் பள்ளிக்கூடம் மாதிரி இருக்காது. காலையில் பயிற்சியாளர் ஒருவர் எழுந்து, நேற்று கற்றதில் தனக்குப் பிடித்த விஷயத்தை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் பேசியே பழக்கமில்லாத பெண்களுக்கு முதல் இரண்டு நாள் கை நடுங்கும். கடைசி வாரத்தில் அதே பெண்கள், கடன் கேட்டு வங்கி மேலாளரிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்க்கும் நிலைக்கு வந்திருப்பார்கள்.

வளையம் வீசும் விளையாட்டு ஒன்றும் உண்டு. எவ்வளவு தூரத்திலிருந்து வீசுவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். பக்கத்தில் நின்றால் வளையம் விழும், ஆனால் மார்க் குறைவு. ரொம்பத் தள்ளி நின்றால் மார்க் அதிகம், ஆனால் விழாது. நம்மால் முடிகிற தூரம் எது என்று கணக்குப் போடுபவரே ஜெயிப்பார். கடன் வாங்கும்போதும் இதே கணக்குதான் என்பதைப் புரியவைக்கத்தான் இந்த விளையாட்டு.

இடையில் ஒருநாள் சந்தை ஆய்வுக்கு அனுப்புவார்கள். ஊரில் எத்தனை டெய்லர் கடை இருக்கிறது, யார் எவ்வளவு வாங்குகிறார்கள், மூலப்பொருள் எங்கே மலிவு என்று விசாரித்து வர வேண்டும். முக்கியமான இன்னொரு விஷயம், பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்து, வழிகாட்டுவது இந்தத் திட்டத்தின் ஓர் அங்கம்.

பணம் கேட்டால் உஷார்!

என் சித்தி ஒருவர் 38 வயதில் வேலைக்குப் போக முடிவெடுத்தார். டவுனில் ஒரு தனியார் சென்டரில், ‘100 சதவிகிதம் வேலை உறுதி’ என்ற போர்டைப் பார்த்து 22,000 ரூபாய் கட்டி கம்ப்யூட்டர் அக்கவுன்ட்ஸ் கோர்ஸ் சேர்ந்தார். வளையலை அடகு வைத்த பணம் அது. மூன்று மாதம் கழித்து வந்த வேலை, சென்னையில் நைட் ஷிஃப்ட். சேருவதற்கு மறுபடியும் டெபாசிட் வேறு கேட்டார்கள். ஸ்கூல் போகும் இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது? பணம் போனது. வீட்டில் வாங்கிய பேச்சுதான் அதைவிட வலித்தது என்பார்.

அடுத்த வருஷம், மாவட்டத்தில் நடந்த இலவச தையல் பயிற்சியில் சேர்ந்தார். அங்கே போகவே அவருக்கு வெட்கம், பயம். ஆனால் இந்த முறை போவதற்கு முன்பே, ‘முடிச்சிட்டு நான் எங்க உட்கார்ந்து தைக்கப்போறேன், யாருக்குத் தைக்கப்போறேன்?’ என்று யோசித்துவிட்டுத்தான் போனார். இன்று வீட்டு முன்னறைதான் அவர் கடை.

வேலை உறுதி என்று சொல்பவர்களிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். என்ன வேலை, எந்த ஊரில், எவ்வளவு சம்பளம்? போன பேட்ச்சில் படித்த இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். மழுப்பினால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மானியம்: கையில் வரும் பணமல்ல

பயிற்சி முடித்தவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் இருக்கும் ஒரு பெண் நாலு லட்ச ரூபாயில் தொழில் தொடங்குகிறார். அவர் போட வேண்டிய சொந்தப் பணம் 5 சதவிகிதம், அதாவது 20,000. மீதி 3,80,000 வங்கி தரும். மானியம் 35 சதவிகிதம், 1,40,000 ரூபாய்.

இந்த 1,40,000 கைக்கு வராது. அவர் பெயரில் வங்கியிலேயே மூன்று ஆண்டுகள் வைப்பாக இருக்கும். தொழில் ஒழுங்காக நடந்தால், அதன் பிறகு கடனில் கழித்துக்கொள்வார்கள். ‘மானியம் வரும், அதை வைத்து மெஷின் வாங்கலாம்’ என்று நினைத்து வெளியில் வட்டிக்கு வாங்கினால் ஆரம்பமே சிக்கலாகிவிடும். தொழிலை நிறுத்திவிட்டால் மானியமும் போய்விடும். கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க முடியாது, குடும்பத்துக்கு ஒருவர்தான்.

சிறிய தொகை போதும் என்றால், பிணை கேட்காத முத்ரா கடன் இருக்கிறது. 50,000 ரூபாய் வரையிலான ‘சிசு’ பிரிவு, தையல் மெஷினோ மாவு அரைக்கும் கிரைண்டரோ வாங்கப் போதுமானது. குறுந்தொழிலுக்கான ‘உத்யம்’ பதிவு முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல.

முதல் ஆறு மாதம்தான் பரீட்சை

பயிற்சியில் கை வேகம் பழகும். வேகம் வந்த கையை நிறுத்திவிட்டால் இரண்டே மாதத்தில் மறந்துவிடும். அதனால், லோன் வரட்டும், நல்ல நாள் வரட்டும் என்று காத்திருக்காமல், பழைய மெஷினிலாவது உடனே வேலையை ஆரம்பிப்பது முக்கியம். சொந்தக் கடை உடனே முடியாது என்றால், தெரிந்த கடையில் மூன்று மாதம் சம்பளத்துக்குப் போகலாம். வாடிக்கையாளரிடம் பேசவும், விலை சொல்லவும் அங்கேதான் பழக்கம் வரும்.

ஆரம்பத்தில் வருபவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். ‘நம்ம பொண்ணுதானே’ என்று காசு கொடுக்க மாட்டார்கள். சித்திக்கும் முதல் மூன்று மாதம் அப்படித்தான் போனது. பிறகு ரேட்டை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினார். வாயால் கேட்கக் கூச்சப்பட்டதை அட்டை கேட்டது. வரவு செலவுக்குத் தனி நோட்டு, தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு இரண்டையும் முதல் நாளிலேயே ஆரம்பித்துவிட்டால், அடுத்த கடனுக்குப் போகும்போது அதுவே உங்களுக்கான சிபாரிசு.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

ஒரு பெண் 30 நாள் பயிற்சிக்குப் போகிறார் என்றால், காலை டிபன், பிள்ளைகளின் ஸ்கூல், மாமியாரின் மாத்திரை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். பாதியில் நின்றுபோகும் பலருக்கு, பாடம் புரியாதது காரணமில்லை. வீட்டிலிருந்து வரும் போன்தான் காரணம். வேலையிழந்த ஆணுக்கு வேறு மாதிரி கஷ்டம். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரிடம் கற்க வேண்டும், பழைய பதவியை மறக்க வேண்டும். அவரை ‘சும்மா இருக்கார்’ என்று சொல்லாமல் இருப்பதே பெரிய உதவி.

சேர்வதற்கு முன் கேட்டுக்கொள்ள...

* இந்தத் தொழிலுக்கு என் ஊரில் இருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்துக்குள் தேவை இருக்கிறதா?

* பயிற்சி இலவசமா? சான்றிதழ் தருவது யார்? அரசு அங்கீகாரம் உண்டா?

* வகுப்பில் மெஷினில் உட்கார்ந்து செய்யும் நேரம் எவ்வளவு? எத்தனை பேருக்கு ஒரு மெஷின்?

* முடித்த பிறகு கடனுக்கு விண்ணப்பிக்க உதவுவார்களா? தொடர்ந்து விசாரிப்பார்களா?

* பயிற்சி முடிந்த மறுநாள் காலை நான் எங்கே உட்கார்ந்து வேலை செய்வேன்?

எங்கே விசாரிப்பது என்று குழப்பம் வேண்டாம். சுயதொழிலுக்கு, உங்கள் மாவட்ட ஆர்செட்டியும் மாவட்டத் தொழில் மையமும். சம்பள வேலைக்கு, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ-யும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், கல்விச் சான்று இவற்றின் நகல்களோடு ஒருநாள் நேரில் போய் அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டு, பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.