படகைக் காக்கும் செம்பு கடலைக் கெடுக்கலாமா?

கடலில் சில வாரங்கள் நிற்கும் படகின் அடிப்பாகத்தில் முதலில் வழவழப்பான பாசி படியும். பின்னர் சிப்பிகளும், பார்னக்கிள் எனப்படும் சிறு ஓட்டுயிரிகளும் ஒட்டி வளரும். அடிப்பாகம் சொரசொரப்பானால் நீரின் உராய்வு மிகும்; அதே வேகத்தில் செல்ல அதிக எரிபொருள் தேவைப்படும். இதைத் தடுக்கவே செம்புச் சேர்மம் கலந்த பெயிண்ட் பூசுகிறார்கள்.

செம்பு எப்படி வேலை செய்கிறது? இதை ஒரு பழைய சோதனை தெளிவாகக் காட்டியது. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டிஷ் கடற்படை தன் மரக்கப்பல்களின் அடியில் செம்புத் தகடுகளைப் பொருத்தியது. ஆனால் கடல்நீர் செம்பை மெல்ல அரித்தது. 1824இல் ஹம்ஃப்ரி டேவி என்னும் விஞ்ஞானி, செம்புடன் இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். இவை செம்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களை இழப்பவை. எனவே இவை கரைந்தன, செம்பு தப்பியது. சோதனை வெற்றிதான்! ஆனால் அக்கப்பல்கள் கடலில் சென்றபோது, செம்பின்மீது பார்னக்கிள்கள் அடர்ந்து வளர்ந்துவிட்டன. கரையும் செம்பு அயனிகளே உயிரினங்களை அண்டவிடாமல் தடுக்கின்றன என்பது இதனால் புலப்பட்டது.

இன்றைய பெயிண்டுகளில் பெரும்பாலும் குப்ரஸ் ஆக்சைடு இருக்கிறது. இதுவும் கரைந்தால்தான் பயன் தரும். ஆனால் கரைந்த செம்பு படகோடு நின்றுவிடுவதில்லை. சுற்றியுள்ள நீரில் கலந்து, சிப்பிகளின் இளம் உயிரிகளையும் நுண்பாசிகளையும் தாக்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், உல்லாசப் படகுகளுக்கான பெயிண்டிலிருந்து நாளொன்றுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 9.5 மைக்ரோகிராமுக்கு மேல் செம்பு கரையக்கூடாது என்ற விதி 2018இல் நடைமுறைக்கு வந்தது. நீரில் மூழ்கிய பரப்பு 30 சதுர மீட்டர், அதாவது 3 லட்சம் சதுர சென்டிமீட்டர் உள்ள படகிலிருந்து, இந்த வரம்பிலேயே நாளொன்றுக்கு 2.85 கிராம் கரையும். ஓராண்டில் அது ஒரு கிலோகிராமைத் தாண்டும்! அங்கே கடல்நீரில் நீடித்து இருக்கத்தக்க செம்பின் வரம்பு லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம். ஒரே நாளில் கரையும் 2.85 கிராம், சுமார் 9 லட்சம் லிட்டர் தூய நீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

அகன்ற கடலில் அலையும் நீரோட்டமும் இதைப் பரப்பிவிடும். மூடிய படகுத்துறையில் நீர் எளிதில் மாறாது. அம்மாநிலத்தின் சான் டியாகோ நகரில், ஷெல்டர் ஐலண்ட் படகுத்துறையில் 2,000க்கு மேற்பட்ட படகுகள் நெருக்கமாக நின்றன. அங்கு சேரும் செம்பை 76 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2005இல் முடிவாயிற்று.

எப்படிக் குறைப்பது? முதல் வழி, மெதுவாகக் கரையும் பெயிண்டைப் பயன்படுத்துவது. இரண்டாவது, அடிப்பாகத்தை முரட்டுத் தூரிகையால் தேய்க்காமல் மென்மையான துணியால் துடைப்பது. அழுத்தித் தேய்த்தால் பெயிண்டே உரிந்து நீரில் கலக்கும். மூன்றாவது, ஓட்டாத காலங்களில் படகைக் கரையில் ஏற்றி வைப்பது. நான்காவது, சிலிகோன் பூச்சு. இதன் பரப்பு ஆற்றல் குறைவு. ஆகவே உயிரினங்கள் இறுகப் பற்ற முடியாது. படகு வேகமாகச் செல்லும்போது நீரே அவற்றை உதிர்த்துவிடும். ஆனால் துறையிலேயே நெடுநாள் நிற்கும் படகை அவ்வப்போது துடைத்துவிட வேண்டும்.

மாற்றுப் பொருளைத் தேர்வதிலும் எச்சரிக்கை தேவை. ஒரு காலத்தில் டிரைபியூட்டைல் டின் கலந்த பெயிண்ட் சிறந்ததென்று கொண்டாடப்பட்டது. அது சிப்பிகளின் ஓட்டைச் சிதைத்ததும், பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. 2008இல் உலகளாவிய தடை நடைமுறைக்கு வந்தது.

பெயிண்டே பூசாவிட்டால் எரிபொருள் வீணாகும்; ஒட்டிய உயிரினங்கள் ஒரு துறைமுகத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். மிகுதியாகப் பூசினால் துறைமுக நீர் நஞ்சாகும். எனவே மாணவர்களே, ஒரு பொருள் நமக்குப் பயன்படுகிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. கரைந்தபின் அது எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும்.