வீட்டு அலங்காரத் தொழிலும் நம் தறிகளும்

அங்கத்தினர்களின் பிள்ளைகள் படிப்பை முடித்ததும் எத்தொழிலில் இறங்குவது என்னும் கேள்வி சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்றது. இப்போது அக்கேள்வியோடு, "இன்டீரியர் வேலை" என்று யாவரும் வழங்கும் வீட்டு உள்ளலங்காரத் தொழிலும் சேர்ந்து வருகின்றது. பல்லாவரம் தொடங்கித் தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி வரையிலும், கிழக்கே மேடவாக்கம் வரையிலும் எழுந்துள்ள அடுக்குமாடி வீடுகளைக் காண்போருக்கு இவ்விருப்பம் வியப்பளிக்காது. ஆயினும் இத்தொழில் சோறு போடுமா, கடனில் தள்ளுமா என்பது முதலடியை எங்கே எடுத்து வைக்கின்றோம் என்பதைப் பொறுத்ததாகும்.

கட்டடக் கலைஞர் என்ற பெயரைப் பூண்டு தொழில் நடத்த 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிப் பதிவு வேண்டும். உள்ளலங்காரம் செய்வோருக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஆதலால் நுழைவது எளிது. எளிதில் நுழையும் தொழிலில் போட்டியும் மிகுதி. கடன் வாங்கி, தச்சரையும் வண்ணம் பூசுவோரையும் அமர்த்தி, முழு வீட்டையும் ஒப்பந்தத்தில் எடுப்பதே பெருமை என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். வீட்டுக்காரர் பாதி வேலையில் மனம் மாறினால், மரத்துக்கும் கூலிக்கும் கொடுத்த முதல் முடங்கிவிடும். அனுபவமும் கைப்பொருளும் இல்லாதவர் அவ்வழியில் தொடங்கலாகாது என்பது நமது கருத்து.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு வேறொரு வழி உண்டு. திரைச்சீலை, படுக்கை விரிப்பு, மெத்தை உறை, ஜமுக்காளம், பாய் ஆகியவையும் அலங்காரமே. அவற்றில் தேர்ச்சி பெற வேண்டிய அறிவில் பாதி வீட்டுத் தறியிலேயே கிடைக்கின்றது. ஓர் உதாரணம் காண்போம். சன்னல் 5 அடி அகலம், 5 அடி உயரம் எனக் கொள்வோம். மடிப்பு அழகாக விழ, சன்னலைப் போல் இருமடங்கு, அதாவது 10 அடி அகலத் துணி வேண்டும். மேலும் கீழும் மடித்துத் தைக்க 1 அடி கூட்டினால் ஒவ்வொரு துண்டும் 6 அடி நீளம். 48 அங்குல அகலத் துணியானால் 3 துண்டுகள், ஆக 18 அடி, அதாவது 6 கஜம் தேவைப்படும். 60 அங்குல அகலத் துணியானால் 2 துண்டுகள், 12 அடி போதும். பரப்பில் பார்த்தால் முன்னதற்கு 72 சதுர அடி. பின்னதற்கு 60 சதுர அடி. தறியின் அகலத்தை அறிந்தவரே இந்த 12 சதுர அடியை மிச்சப்படுத்த வல்லவர். நூறு சன்னல் உள்ள விடுதி ஒன்றில் இதுவே அவருடைய இலாபமாகிவிடும்.

சாயத்தின் தன்மையும் அறியத்தக்கது. சலவைக்குத் தாங்கும் நிறம் வெயிலுக்கும் தாங்கும் என்பதற்கில்லை. மேற்குச் சன்னலில் தொங்கும் சீலைக்கு வாட் சாயமே ஏற்றது. துணியைத் தைப்பதற்கு முன்னர் நனைத்து உலர்த்தி அளந்துகொள்ளாவிட்டால், முதற் சலவையிலேயே சீலை சன்னலுக்கு மேலேறி நிற்கும். சாயமிடுதலிலும் வடிவமைப்பிலும் பயிற்சி பெறச் சென்னையில் நெசவாளர் சேவை மையம் உள்ளது.

பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. 2021 இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட அனகாபுத்தூரை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அவ்வூர்த் தறிகள் ஆப்பிரிக்காவின் நைஜீரியா நாட்டுக்குக் கட்டம் போட்ட 'மெட்ராஸ்' கைக்குட்டைத் துணியை நெய்தன. அந்த ஏற்றுமதி தேய்ந்தபின் அவ்வூர் நெசவாளர் சிலர் வாழைநார், சணல் போன்ற இயற்கை நார்களை நெய்யக் கற்றனர். குலையை வெட்டியபின் வாழைத்தண்டு பெரும்பாலும் தோட்டத்தில் வீணே அழுகுவதை விவசாயிகள் அறிவர். அந்நாரும், கோரையும், தென்னைநாரும் திரையாகவும் விரிப்பாகவும் மாறினால் வயலுக்கும் தறிக்கும் ஒரே சந்தை அமையும். நார்ப்பொருள்கள் ஈரத்தை உறிஞ்சுவதால், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காதவாறு உலர்த்திக் காக்கும் முறையை வாங்குவோருக்குச் சொல்லிக் கொடுப்பதும் தொழிலின் கடமையே.

கூடி உழைத்து இத்துறையில் நின்றவர்கள் இதே தென்சென்னைப் பகுதியில் உள்ளனர். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று 1966 இல் ஈஞ்சம்பாக்கத்தில் தோற்றுவித்த சோழமண்டலக் கலைஞர் கிராமத்தார், பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றே வாழ்க்கையை நடத்திக்கொண்டு, ஓவியத்தையும் வளர்த்தனர். கலையில் நாட்டமுள்ளவர்க்கும் நிலையான சிறு வருவாய் முதலில் வேண்டும் என்பதற்கு அவர்கள் சான்று.

சங்கங்கள் செய்ய வேண்டுவது யாது? தம் துணிகளின் மாதிரித் துண்டுகளை அகலம், எடை, சாயம், விலை ஆகியவற்றைக் குறித்து ஏடாகத் தொகுத்து, தொழில் தொடங்கும் அங்கத்தினர் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அகலத்தறிகள் உள்ள சங்கங்கள் குறித்த அளவில் நெய்து தரலாம். ஆனால் சரக்கைக் கடனாகக் கொடுத்தல் கூடாது. வெளியார் நிலுவை ஏறிய சங்கத்தில் இறுதியில் இழப்பது அங்கத்தினரின் பங்குத்தொகையும் நெசவாளரின் கூலியுமே. வீட்டுக்காரரிடம் அளவும் விலையும் எழுதிக் கையொப்பம் பெற்று, துணிக்கான பணத்தை முன்பணமாக வாங்கியபின் சங்கத்தில் ஆர்டர் கொடுப்பதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு. அங்கத்தினரின் சொந்த மகனாயினும் மகளாயினும் இவ்விதி மாறலாகாது.

தொழில் தொடங்குவோர் முதலாண்டில் ஓர் அலங்காரக்காரரிடம் உதவியாளராக இருந்து அளவெடுக்கவும் தைப்பிக்கவும் பழகுவது நலம். அதன்பின் ஓர் அறை, பிறகு ஒரு வீடு எனப் படிப்படியாக ஏறலாம். நம்மவர் நெய்த துணி அயலூர்க் கடைகளில் பெயரின்றி விற்பனையாகும் நிலை மாறி, நம் பிள்ளைகளின் கைவழியாகவே புதுவீடுகளுக்குள் செல்லுமானால், தறியின் கூலியும் வீட்டின் வருவாயும் ஒருங்கே உயரும். நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே மாதிரி ஏட்டைப் பற்றி ஆலோசிப்பார்களாக.