கேட்டதையெல்லாம் பரப்பலாமா?

கடலாடி வட்டாரத்துக் கடற்கரையில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு அக்கரைச் சீமை புதிதன்று. இலங்கைக்கும் மலாயாவுக்கும் வணிகத்தின் பொருட்டுச் சென்றவர்கள் அரபுத் தமிழில் எழுதியனுப்பிய கடிதங்களை வீட்டுப் பெண்கள் கூடியிருந்து படித்த காலம் ஒன்றுண்டு. பின்னர், வளைகுடா நாடுகளில் பணியாற்றியோர் தம் குரலை ஒலிநாடாவில் பதிந்து, ஊர் திரும்புவோரிடம் கொடுத்தனுப்பினர். இன்றோ ஊரில் ஒரு மௌத்து நிகழ்ந்தால், பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவிக்கும் முன்னரே ஜித்தாவில் இருக்கும் உறவினருக்கு வாட்ஸ்அப் வழியே தெரிந்துவிடுகிறது. அவர் அங்கிருந்தே துஆச் செய்கிறார். இதனை ஓர் அருட்கொடை என்று சொல்வதில் தவறில்லை.

வணிகத்திலும் இக்கருவி நன்மை செய்யாமல் இல்லை. வடகேரளக் கடற்கரையில் கைப்பேசி வந்தபின் மீனவர்கள் கடலில் இருந்தவாறே விலை கேட்டறிந்து, விலை கிடைக்கும் துறைக்குப் படகைத் திருப்பினர். அதனால் மீன் வீணாவது நின்றது, மீனவர் இலாபம் ஏறத்தாழ 8 சதவீதம் உயர்ந்தது, வாங்குவோருக்கு விலையும் 4 சதவீதம் குறைந்தது என்று இராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் 2007-இல் எழுதினார். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியையும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயையும் படம் பிடித்து அனுப்பினால், சென்னையில் இருப்பவரும் நேரே வாங்கிக்கொள்ள இயலும்.

ஆனால், படத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது அல்லவா? மதீனாக் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று அண்ணலார் கண்டித்தார்கள். கைப்பேசித் திரைக்குள் கையை நுழைத்துப் பார்க்க வழியில்லை. ஆகவே, ஈரத்தை மேலே எடுத்துக் காட்டும் கடமை விற்பவருக்கே முழுமையாக வந்து சேர்கிறது. சென்ற ஆண்டுச் சரக்கின் அழகிய படத்தைக் காட்டி இவ்வாண்டுச் சரக்கை அனுப்புகிறவர் இதனைச் சிந்திக்கட்டும்.

வணிகத்தில் நேரும் இழப்பு பணத்தோடு போகும். செய்தியில் நேரும் பிழை அப்படியன்று. அன்பார்ந்த வாசகர்களே, நம் கடலுக்கு அக்கரையில், இலங்கையின் அம்பாறை நகரில் 2018 பிப்ரவரி 26 அன்று நடந்ததைக் கேளுங்கள். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பிட வந்த சிங்களர் ஒருவர், குழம்பில் ஏதோ கட்டியைக் கண்டார். சிங்களரின் குலத்தைக் கெடுக்க மலட்டு மாத்திரை கலந்துவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்தது. உணவகத்தில் இருந்த ஊழியர் தமிழ் பேசும் முஸ்லிம். சிங்களம் நன்கு அறியாதவர். சூழ்ந்து நின்ற கூட்டம் என்ன கேட்கிறது என்பதே புரியாமல், அச்சத்தால் ஆமெனத் தலையாட்டினார். அக்காட்சி படமெடுக்கப்பட்டு முகநூலில் பரவியது. உணவகம் தகர்க்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரசு ஆய்வுக்கூடம் பின்னர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. அத்தகைய மாத்திரை மருத்துவ உலகிலேயே இல்லை!

அத்துடன் முடிந்ததா? அதே நாட்களில் கண்டி மாவட்டத்துத் தெல்தெனியவில், வாகனத் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். அது குற்றமே, அதற்குச் சட்டம் இருந்தது. ஆனால் அம்பாறைப் பொய் முன்னரே மனங்களில் மருந்தை நிரப்பி வைத்திருந்தது, திரி பற்றிக்கொண்டது. திகனவிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் மாண்டார். மார்ச் 6 அன்று அவசரநிலை அறிவித்த அரசு, மறுநாள் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. தன் பங்குக்கு முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில்.

நம் தமிழகமும் தப்பவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியொருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்றெண்ணி ஊரார் அடித்துக் கொன்றனர். பிள்ளை பிடிப்போர் திரிவதாக வாட்ஸ்அப்பில் உலவிய வதந்தியே காரணம். 2020-இல் கொரோனாவைத் தப்லீக் ஜமாஅத்தார் வேண்டுமென்றே பரப்புவதாகப் பொய்ப் படங்கள் நாடெங்கும் உலவியபோது, நாம் பட்ட மனவேதனையை மறந்திருக்க மாட்டோம். காய்கறி விற்கும் ஏழை முஸ்லிம்கள் தெருவுக்குள் வரவொட்டாமல் தடுக்கப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டுத் தப்லீகர்கள் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டதாகக் கூறியது.

அவ்வளவு வேதனைப்பட்ட நாம், நம் குழுக்களில் என்ன செய்கிறோம்? பிற சமயத்தாரைப் பற்றியும், அடுத்த மஹல்லா நிர்வாகியைப் பற்றியும், ஏன், ஒரு வீட்டுப் பெண்ணைப் பற்றியுங்கூட வந்ததை வந்தபடி அனுப்புகிறோமே! திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயத்து ஆறாம் வசனம், தீயவர் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியுமாறு பணிக்கிறது. பனூ முஸ்தலிக் கூட்டத்தார் ஸகாத் தர மறுத்ததாக ஒருவர் தவறான செய்தி கொணர்ந்ததால், அவர்கள் மீது படை செல்லும் நிலை வந்ததே அதன் பின்னணி என்று விரிவுரையாளர்கள் கூறுவர். ஒரு மனிதரின் பிழையான வார்த்தை, ஈமான் கொண்ட ஒரு குலத்தையே வாள்முனையில் நிறுத்தவிருந்தது. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்னும் கருத்தில் நபிமொழியும் உண்டு.

வாட்ஸ்அப் நிறுவனமே 2018 ஜூலையில், வந்த செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதவாறு இந்தியாவில் வரம்பு கட்டியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒருவருக்கு மேல் அனுப்ப இயலாதபடி செய்தது. அத்தகைய செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கும். வீட்டில் உள்ள பெரியோர்க்கு அதனை இளையோர் காட்டிக்கொடுக்கலாம். ஷஅபான் 29-ஆம் நாள் மாலை இது மிகவும் பயன்படும். பழைய பிறை அறிவிப்புகள் மீண்டும் உலாவரும் நேரம் அதுவே. தலைமை காஜியின் பெயரில் வரும் தாளில் எந்த ஆண்டின் தேதி இருக்கிறதென்று பாருங்கள். ஐயமிருப்பின் ஜமாஅத் அலுவலகத்தில் கேளுங்கள். தராவீஹுக்கு இஷா வரை நேரமிருக்கிறது.