தோப்பும் இல்லை, கரணமும் இல்லை!

பிள்ளையார் சந்நிதியில் ஒரு தாய் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஏழு வயதுப் பையன் கவலையோடு கேட்டான்: "ஏம்மா, நீ என்ன தப்புப் பண்ணினே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பாவம், அவனுக்குத் தெரிந்த தோப்புக்கரணம் வீட்டுக்கணக்கு எழுதாத பிள்ளைகளுக்கு வாத்தியார் போடச் சொல்வதுதான்!

அந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். மாந்தோப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குட்டிக்கரணத்துக்கும் உறவில்லை. சமஸ்கிருதத்தில் 'தோஸ்' என்றால் கை. 'தோர்பி:' என்றால் கைகளால். 'கர்ணம்' என்பது காது. கைகளால் காதைப் பிடிக்கும் 'தோர்பி கர்ணம்' நம் பாட்டிமார் நாவில் உருண்டு புரண்டு தோப்புக்கரணமாயிற்று என்பார்கள் பெரியவர்கள்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. மகாவிஷ்ணுவின் சக்கரத்தை மருமகப் பிள்ளையார் வாயில் போட்டுக்கொண்டு விட்டார். அதட்டினால் விழுங்கிவிட்டால்? மாமா யோசித்தார். நான்கு கைகளாலும் காதுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். பிள்ளையார் வயிறு குலுங்கச் சிரித்தார். சக்கரம் கீழே விழுந்தது!

இதில் ஓர் இலக்கண வேடிக்கை. இரண்டே கை என்றால் சமஸ்கிருதத்தில் 'தோர்ப்யாம்' என்று இருமையில் சொல்ல வேண்டும். 'தோர்பி:' என்பதோ பன்மை. நான்கு கை மாமாவுக்கு எவ்வளவு பொருத்தம், பார்த்தீர்களா?

ஒரு குழந்தையைச் சிரிக்கவைக்கச் செய்ததாகச் சொல்லும் காரியம், பள்ளிக்கூடத்தில் குழந்தையை அழவைக்கும் காரியமாகிவிட்டது. திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கோதண்டமும் இப்படித்தான். ராமபிரான் வில்லின் பெயர், பையனைக் கைகளால் தொங்கவிடும் கயிற்றுக்கு வந்து சேர்ந்தது! கோதண்டம் ஒழிந்தது, தோப்புக்கரணம் லேசில் போகவில்லை. நூறு தடவை உட்கார்ந்து எழுந்த பிள்ளைக்கு மறுநாள் மாடிப்படி ஏற முடியாது. அதைவிட, தோழர்கள் எண்ணி எண்ணிச் சிரித்தது ஆயுசுக்கும் மறக்காது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்திருக்கிறது.

வெளிநாட்டிலோ இதற்கு 'சூப்பர் பிரெய்ன் யோகா' என்று பெயர் சூட்டி, சோவா கோக் சூயி 2005-ல் புத்தகமே எழுதிவிட்டார். மூளை வளருமா என்பதை வைத்தியர்களிடம் விட்டுவிடுவோம்.

அந்தத் தாய் பையனிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "தப்புக்கு இல்லேடா கண்ணா, பிள்ளையாருக்குச் சிரிப்புக் காட்டறேன்!"

பையன் உடனே தன் காதைப் பிடித்துக்கொண்டான்.