இலக்கியக் கொள்கையும் பண்பாட்டாய்வும்

சொல்லும் அணியும் நோக்கி ஒரு நூலை நன்றென்றோ அன்றென்றோ கூறுதல் திறனாய்வு. நூலின் பொருள் எங்கே தங்குகின்றது, ஆக்கியோனிடத்தா, சொல்லிடத்தா, கற்போனிடத்தா எனக் கேட்பது இலக்கியக் கொள்கை. அவ்வினாவையே செய்தித்தாள், சினிமா, விளம்பரம் முதலியவற்றின்பாற் செலுத்தியபோது பண்பாட்டாய்வு என்னும் துறை உருப்பெற்றது. தாயும் சேயும் இன்று ஒன்றையொன்று ஐயுறுகின்றன. காரணம் அறிய வேண்டின், அவை பிரிந்த இடத்துக்குச் செல்லல் வேண்டும்.

அவ்விடம் இங்கிலாந்து. கேம்பிரிட்ஜிலே எவ். ஆர். லீவிஸும் அவரைச் சார்ந்தோரும் 1932 முதல் 1953 வரை 'ஸ்குரூட்டினி' என்னும் சஞ்சிகையை நடத்தி, சொல்லைக் கூர்ந்து நோக்கிக் கற்கும் முறையைப் பரப்பினர். விளம்பரங்களையும் மலிவுப் பத்திரிகைகளையும் அவர்கள் ஆராயாமலில்லை. ஆனால் மாணாக்கர் அவற்றின் மயக்கத்துக்கு ஆட்படாதிருத்தற் பொருட்டே ஆராய்ந்தனர்.

அம்முறையைக் கைக்கொண்டு அதன் நோக்கத்தை மாற்றியவர் இருவர். ஒருவர் லீட்ஸ் நகரத் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்த றிச்சட் ஹொகாட். மற்றவர் வேல்ஸ் நாட்டிலே புகையிரதக் கைகாட்டி இயக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகிய றேமண்ட் வில்லியம்ஸ். இருவரும் முதியோர் கல்வி வகுப்புகளிற் பல்லாண்டு கற்பித்தவர்கள். ஹொகாட் 1957 இல் வெளியிட்ட 'எழுத்தறிவின் பயன்கள்' என்னும் நூல், தொழிலாளர் வீட்டுப் பேச்சையும் பாட்டையும் ஒரு காவியத்தை நோக்குவது போல நோக்கிற்று. ஆயினும் அதன் பிற்பாதி புதிய மலிவு வெளியீடுகளைப் பழிக்கின்றது. லீவிஸின் நிழல் அவரை விட்டகலவில்லை. 1958 இல் 'பண்பாடும் சமுதாயமும்' எழுதிய வில்லியம்ஸ் மேலுஞ் சென்றார். மக்களைத் 'திரள்' எனக் காண்பது காண்போரின் நோக்கேயன்றி மக்களின் இயல்பன்று என்பது அவர் வாதம்.

1964 இல் ஹொகாட், பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திற் சமகாலப் பண்பாட்டாய்வு மையத்தைத் தொடங்கினார். அவருக்குப் பின் அதற்குத் தலைமை தாங்கியவர் ஜமேக்காவிற் பிறந்த ஸ்ருவட் ஹோல். தொலைக்காட்சிச் செய்தியைக் காண்போர் அதனை அனுப்பியோர் கருதியவாறே கொள்ளலாம். ஓரளவு உடன்பட்டு ஓரளவு விலகலாம். எதிர்த்தும் பொருள் கொள்ளலாம் என அவர் 1973 இல் விளக்கினார். பொருள் கற்போனிடத்தா என்னும் பழைய வினா இங்கே மீண்டு வருதல் காண்க. மையம் 2002 இல் மூடப்பட்டது, துறை மூடப்படவில்லை.

இதனால் இழப்பு இல்லையோ எனின், உண்டு. எதனையும் ஒரே கூர்மையோடு நோக்கலாம் என்பதிலிருந்து, எல்லாம் ஒரே தரத்தன என்னும் முடிபுக்குச் சிலர் வழுக்கி வீழ்ந்தனர். முன்னையது ஏற்கத்தக்கது; பின்னையது அதிலிருந்து பெறப்படுவதன்று.

மறுபுறம், சமுதாயத்தை நோக்கினால் நூலின் தரங் குன்றும் என அஞ்சுவோரும் உளர். அவர்க்குக் க. கைலாசபதியைக் காட்டலாம். அதே பேர்மிங்ஹாமிலே, ஆனால் அம்மையத்தைச் சாராது, கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆராய்ந்தவர் அவர். தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றி 1968 இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல், சங்கச் செய்யுள்களில் ஒத்த தொடர்கள் மீண்டும் மீண்டும் வருதலை, ஏட்டின் துணையின்றி அவையிற் பாடியோரின் தொழின்முறையாக விளக்கியது. 'கூறியது கூறல்' என நன்னூலார் நூற்குற்றம் பத்தினுள் வைத்த ஒன்று, பாடுவோனையும் கேட்போனையும் சேர்த்து நோக்கியவிடத்துப் பாட்டைத் தாங்கும் தூணாயிற்று. அவர் முடிபை மறுப்போரும் உளர். பாணர் வாய்மொழியா, புலவர் எழுத்தா என்னும் வழக்கு இன்னுந் தீர்ந்தபாடில்லை.