கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறி

புதியது வரப் பழையது கழிவது உலக இயல்பு. ஆயினும் எல்லாப் பழையதையும் கழித்துவிட முடியுமா? 1990-களில் நம் நாட்டின் பல அலுவலகங்களில் டாஸ் கணிப்பொறிகளைக் கொண்டு, ஃபாக்ஸ்புரோ போன்ற மென்பொருள்களில் கணக்கும் பதிவேடும் எழுதி வந்தனர். நம் வியாசர்பாடியில் ஒரு பட்டறையின் சம்பளக் கணக்கோ, ஒரு பள்ளியின் மாணவியர் பதிவேடோ அவ்வாறு எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்றைய தொழிலாளி சேமநல நிதிக்காகவோ, பழைய மாணவி சான்றிதழின் நகலுக்காகவோ இன்று வந்து நின்றால், அவருக்கு வேண்டிய விடை அந்தப் பழைய மென்பொருளுக்குள் அல்லவா இருக்கிறது! புதிய கணிப்பொறியோ அதைத் திறக்க மறுக்கிறது. இதன் காரணத்தையும், இதற்குக் கண்டுள்ள வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதற்காரணம் நினைவகம். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறி, நினைவக இடங்களை எண்ண 20 பிட் முகவரியைப் பயன்படுத்தியது. அதனால் 10,48,576 பைட்டுகளுக்கு மேல் அதனால் எண்ண இயலாது. அதிலும் 640 கிலோபைட் மட்டுமே மென்பொருள்களுக்கு உரியது. அந்த அளவுக்கென்று எழுதப்பட்ட 16 பிட் மென்பொருள்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. விண்டோஸ் 98 இயங்கும் கணிப்பொறியில் 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் இருந்தால், 'நினைவகம் போதவில்லை' என்று கூறி அது நின்றுவிடுவதுண்டு. நிறைய இருந்தும் போதவில்லை என்பது வியப்பன்றோ! தற்காலிகச் சேமிப்புக்கென அது மிகுதியான முகவரிகளை ஒதுக்கிக்கொள்வதால், மற்ற வேலைகளுக்கு முகவரிகள் எஞ்சுவதில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கும் பொருந்துகிறது.

இதற்கு மருந்துதான் மெய்நிகர் கணிப்பொறி. வடசென்னையில் வாழும் நமக்கு ஒண்டுக்குடித்தனம் புதிதல்ல. ஒரே வீடு, ஒரே கிணறு, ஆனால் ஒவ்வொரு குடித்தனமும் தன் அறையைத் தனி வீடாகவே எண்ணி வாழ்கிறது. அதுபோல, ஒரே கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு பகுதியைப் பிரித்து, "இதுவே உன் முழு உலகம்" என்று பழைய மென்பொருளிடம் காட்டுகிறோம். அது தன் நினைவகம் பூச்சியத்திலிருந்து தொடங்குவதாக நம்புகிறது. அது கேட்கும் ஒவ்வொரு முகவரியும், உண்மையான நினைவகத்தில் வேறோர் இடத்தின் முகவரியாக மாற்றித் தரப்படுகிறது. வீட்டுக்காரர் போல நடுவில் நின்று பங்கிட்டு மேற்பார்வையிடும் மென்பொருளை மேற்பார்வை நிரல் எனலாம்.

இக்கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் தன் 370 வரிசைக் கணிப்பொறிகளுக்காக வி.எம்/370 என்ற மென்பொருளை 1972-இல் அறிவித்தது. பழைய இயக்க முறைமையையும் புதியதையும் ஒரே கணிப்பொறியில் அருகருகே ஓட்ட அது உதவியது. அதே வரிசையைச் சேர்ந்த 370/155 கணிப்பொறி, 1973-இல் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்டது. 155 மாதிரி முதலில் வெளிவந்தபோது, முகவரிகளை மாற்றித் தரும் உறுப்பு அதில் இல்லை. வேண்டுவோர் அதைத் தனியே பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இதிலிருந்து மென்பொருளின் திறமை மட்டும் போதாது, பொறியின் துணையும் வேண்டும் என்பது விளங்கும். 1985-இல் வந்த இன்டெல் 80386 சில்லு, பல டாஸ் மென்பொருள்களுக்கு ஒரே நேரத்தில் தனித்தனி 1 மெகாபைட் உலகைக் காட்டும் வசதியைத் தனக்குள்ளேயே கொண்டிருந்தது.

இன்று வீட்டுக் கணிப்பொறியிலும் இதைச் செய்யலாம். 2007-இல் வெளிவந்த விர்ச்சுவல்பாக்ஸ் இதற்குப் பயன்படும். முதலில் பழைய வட்டில் உள்ளவற்றுக்கு நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தொடாமல் வைத்துவிட வேண்டும். பிறகு மெய்நிகர் கணிப்பொறியில் பழைய இயக்க முறைமையை நிறுவ வேண்டும். டாஸ் மென்பொருளுக்கு ஃப்ரீடாஸ் என்பது இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கு 64 மெகாபைட் தாராளம். விண்டோஸ் 98-க்கு 256 மெகாபைட் கொடுத்தால் போதும். இரக்கப்பட்டு அதிகம் கொடுத்தால் பழைய தொல்லையே திரும்பும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. பழைய இயக்க முறைமைகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது எப்போதோ நின்றுவிட்டது. ஆகவே அவற்றை இணையத்தோடு இணைக்கலாகாது. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றைப் படிக்க அதே எழுத்துருவும் உள்ளே இருக்க வேண்டும். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்தான். மேலும் குடித்தனம் வைப்பதே நிலையான தீர்வாகாது. உள்ளிருக்கும் பெயர்களையும் தேதிகளையும் புதிய வடிவில் எழுதி வைத்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

அன்பு மாணவியரே! பழைய பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒருவருடைய உழைப்பு அல்லது படிப்பு. கணிப்பொறியைக் கற்க விரும்பும் நீங்கள், புதியதை ஆக்கும் திறனோடு பழையதைக் காக்கும் பொறுமையையும் கற்றுக்கொண்டால், உங்கள் கல்வி பிறருக்கும் பயன்படும்.